என் மேல நானே எழுதின ரிப்போர்ட்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், இது ஆபீஸ்தான். லாயரம்மா ஈப்போ கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, மூணு மணிக்குள்ள வந்துருவாங்க. பசியாறிட்டீங்களா? கறிபாப் இருக்கு, உள்ள கிழங்கு வச்சு காலையில நான் சுட்டது. இருங்க, இருங்க, அந்த நாற்காலியில உடனே உட்கார்ந்துறாதீங்க. அது கட்சிக்காரங்க நாற்காலி. அதுல உட்கார்றதுக்கு முன்னால ஒரு பாரம் நிரப்பணும்.

நீங்க கோலாலம்பூர்லருந்து வந்த அதிகாரியா இருந்தா என்ன? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? பேரு, ஐசி நம்பர், வீட்டு விலாசம், என்ன வேலை, காசு எங்கிருந்து வருது. வசீகரன்... நல்ல பேரு. சம்பளம்னு மட்டும் எழுதினா போதாது தம்பி, சம்பளச் சீட்டு வேணும். கொண்டு வரலையா? பரவாயில்ல, அப்புறம் அனுப்பி வைங்க. இப்ப உட்காருங்க.

ஆமா, அஞ்சலை நான்தான். சடையன் மக அஞ்சலை. ரிப்போர்ட்டு எழுதின அஞ்சலையும் நான்தான், ரிப்போர்ட்டுல இருக்கிற அஞ்சலையும் நான்தான். ஏன் சிரிக்கிறீங்க? சிரிக்கிற காரியமா இது? முப்பதாந்தேதி எனக்குக் கெடு. இன்னிக்குத் தேதி இருபத்தேழு. நான் இருபது வருசமா வாடகைக்கு இருக்கிற வீட்டை வீட்டுக்காரரு விக்கிறாரு. முப்பதாந்தேதிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுக் காசைக் கட்டலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவாரு. நானும் என் தங்கச்சி ராஜாமணியும் சட்டி பானையோட ரோட்டுலதான் நிக்கணும். அதனால சிரிக்காம கேளுங்க.

நான் இந்த ஆபீசுல சேர்ந்தது கூட்டிப் பெருக்க. கூட்டுவேன், டீ ஆத்துவேன், ஃபைலுக்குக் கயிறு கட்டுவேன். படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாப்பு. எப்படி ஆபீசர் ஆனேன்னுதானே பார்க்கிறீங்க? போன வருசம் ஒரு கடுதாசி வந்துச்சு. ஒவ்வொரு வக்கீல் ஆபீசுலயும், வீடு நிலம் வாங்க வர்றவங்க காசு நல்ல காசா, திருட்டுக் காசான்னு விசாரிக்க ஒரு ஆபீசர் இருக்கணுமாம். அதுவும் மேலாளர் அந்தஸ்துல. இந்த ஆபீசுல இருக்கிறதே மூணு பேரு. லாயரம்மாவுக்குக் காலையில எழுந்தா கோர்ட்டு. டைப் அடிக்கிற நோராவுக்கு அப்ப ஏழு மாசம். லாயரம்மா என்னைக் கூப்பிட்டு, "அஞ்சலைக்கா, பேருக்குத்தான், உங்க பேரைப் போட்டுக்கிறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க.

போட்டேன். காலையில துடைப்பத்தோட வந்தவ மத்தியானம் மேலாளர். துடைப்பத்தை யார்கிட்டக் கொடுக்கிறதுன்னு கேட்டேன். "அதுவும் உங்ககிட்டயே இருக்கட்டுங்கக்கா"ன்னாங்க.

பேருக்குத்தான்னு அவங்க சொன்னாங்க. ஆனா பேரு என் பேரு இல்லையா? எங்கப்பா வச்ச பேரை ஒரு தாள்ல எழுதி அதுக்குக் கீழ வேலைன்னு போட்டுட்டா, அந்த வேலையைச் செய்யாம எப்படித் தூங்கறது? ஈப்போவுல ஒரு ஹோட்டல்ல ஒருநாள் வகுப்பு வச்சாங்க. என்னையும் அனுப்புனாங்க. எல்லாரும் கோட்டு சூட்டு. நான் ஒருத்திதான் கூடையோட. பாடம் எடுத்தவரு நம்ம ஆளு, இங்கிலீஷ்ல பேசிட்டு நடுநடுவுல தமிழ்லயும் சொன்னாரு. தப்பான காசு கொண்டு வர்றவனுக்கு அஞ்சு அறிகுறி இருக்காம். இங்க பாருங்க, விரல் விட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். ஒண்ணு, அவசரப்படுவான். ரெண்டு, ரொக்கமா கொண்டு வருவான். மூணு, தாளுங்க ஒழுங்கா இருக்காது. நாலு, கேள்வி கேட்டா கோபப்படுவான். அஞ்சு, பதிலை மாத்தி மாத்திச் சொல்லுவான்.

சாப்பாட்டுக்கு அப்புறமும் என்னமோ சொல்லிக் கொடுத்திருப்பாரு போல. கம்பெனி, கம்பெனிக்குள்ள கம்பெனின்னு பலகையில படம் போட ஆரம்பிச்சாரு. எனக்கு ரெண்டு மணிக்கு பஸ்சு. பிரியாணியைச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டேன். காலையில சொன்ன அஞ்சே போதும்னு வச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணும் காலையிலயே சொன்னாரு. அதுதான் முக்கியம். யார் மேலயாவது சந்தேகம் வந்து ரிப்போர்ட்டு எழுதினா, அந்த ஆளுகிட்ட மூச்சு விடக்கூடாது. "உங்க மேல எழுதியிருக்கேன்"னு சொன்னா சொன்னவளுக்கு ஜெயிலு. ஜாடை காட்டினாலும் ஜெயிலுன்னாரு.

மறுநாளே வேலையை ஆரம்பிச்சிட்டேன். முதல்ல வந்தது லோரி ஓட்டின கோவிந்தசாமி அண்ணன். மைலோ டின்னு நிறைய நோட்டு. ஒம்பதாயிரம் வெள்ளி, மகனுக்கு வாங்குற நிலத்துக்கு முன்பணம். ரொக்கம். ஒரு விரலை மடக்கினேன். "அண்ணே, காசு எங்கிருந்து வந்துச்சு?"ன்னேன்.

"ஏம்மா அஞ்சலை, நீயும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க. என் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"அஞ்சலைக்குத் தெரியும்ணே. ஆபீசருக்குத் தெரியாது."

"அப்ப அஞ்சலையைக் கூப்பிடு."

"அவ டீ போடப் போயிருக்கா."

டின்னைத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டாரு. "உன் டீயும் வேணாம், உன் ஆபீசும் வேணாம்!" கோபம். இன்னொரு விரல். வாசல் வரைக்கும் போய் நல்லபடியாத்தான் வழியனுப்பினேன். ரிப்போர்ட்டைப் பத்தி மூச்சு விடலையே. இப்ப கோயில்ல பார்த்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறாரு. திரும்பட்டும். கடமைன்னா அப்படித்தான்.

அப்புறம் ஒரு கல்யாண ஜோடி. மாப்பிள்ளை தமிழ்வேந்தன், பொண்ணு கோமளா. வீட்டுக்கு முன்பணம் இருபத்து மூவாயிரம். எங்கிருந்து? கல்யாணத்துல வந்த மொய்க் கவருங்க. சரி, மொய் நல்ல காசுதான். ஆனா தாளு வேணுமே? யார் யார் எவ்வளவு வச்சாங்கன்னு மொய் எழுதின நோட்டு எங்கன்னேன். மண்டபத்துல சாம்பார் கொட்டி நோட்டு ஊறிப்போச்சு, பேருதான் தெரியுது, தொகை தெரியலைன்னாங்க. மூணாவது அறிகுறி! நான் விடுவேனா? பேரையும் போன் நம்பரையும் வாங்கினேன். இருநூத்து எண்பத்தெட்டு பேரு. மூணு வாரம், ஒவ்வொருத்தரா போன் போட்டேன். "வணக்கம், வக்கீல் ஆபீஸ்லருந்து பேசுறோம். கோமளா கல்யாணத்துக்கு நீங்க எவ்வளவு மொய் வச்சீங்க?"

எல்லாரும் நல்லாப் பதில் சொன்னாங்க. மொய் எவ்வளவுன்னு கேட்டா யாரு தம்பி தயங்குவா? எழுதிக் கூட்டிப் பார்த்தேன். நாப்பத்தோராயிரத்து முன்னூத்தம்பது! ஜோடி காட்டினது இருபத்து மூவாயிரம். மீதிப் பதினெட்டாயிரத்து முன்னூத்தம்பது எங்க? ஜோடியைக் கூப்பிட்டு உட்கார வச்சுக் கேட்டேன். மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்தான். பொண்ணு, கூட வந்திருந்த மாமியாரைப் பார்த்துச்சு.

"உன் தம்பி ஐநூறு வச்சேன்னானா?"ன்னு மாமியார் கோமளாவைக் கேட்டுச்சு.

"ஆமா, என்கிட்டயே சொன்னான்."

"கவருல இருந்தது அம்பது! நான்தான் பிரிச்சேன்!"

"அப்ப உங்க சொந்தக்காரங்க மட்டும் ஆயிரம் ஆயிரம்னு வச்சாங்களாக்கும்? எங்க போச்சு அது?"

அதுக்கு மேல நடந்ததை நான் சொல்லக்கூடாது, குடும்ப விஷயம். அந்தக் கண்ணாடி உடைஞ்சிருக்கு பாருங்க, அது அன்னிக்கு உடைஞ்சதுதான். அவங்க வேற வக்கீல்கிட்டப் போயிட்டாங்க. லாயரம்மாதான், "அக்கா, பேருக்குத்தானே சொன்னேன்"னு தலையில கை வச்சுட்டாங்க. ஆனா பதினெட்டாயிரம் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குப் பதில் சொல்லலை. நீங்களாவது கண்டுபிடிங்க.

சரி, என் கதைக்கு வர்றேன். இருபத்தாறு வருசமா விடியக்காலையில கறிபாப் சுட்டு, பஸ் ஸ்டாண்டுல வித்துட்டு, அப்புறம்தான் ஆபீசுக்கு வருவேன். வித்த காசைக் கூட்டுல போடுவேன். மாசாமாசம் பத்துப் பொம்பளைங்க சேர்ந்து போட்டு ஒருத்தி எடுக்கிறதுதான். அப்படிச் சேர்த்தது நாப்பத்திரண்டாயிரம் வெள்ளி. வீட்டுக்காரரு விக்கிறேன்னதும், நானே வாங்கிக்கிறேன்னுட்டேன். லாயரம்மா, "உங்களுக்கு ஃபீசு வேணாங்கக்கா, பத்திரம் நான் போட்டுத் தர்றேன்"னாங்க. தங்கமான மனசு.

ஆனா அந்தப் பத்திரம் போகணும்னா ஆபீசர் விசாரிச்சுக் கையெழுத்துப் போடணுமே? ஆபீசர் யாரு? நான். வீடு வாங்குறது யாரு? நான். நோரா சொன்னா, "அக்கா, சும்மா போட்டுருங்க, யாரு பார்க்கப் போறா?" அதெப்படி? கோவிந்தசாமி அண்ணனுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

அதனால என்ன பண்ணினேன், நோரா வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திட்டு, இந்தக் கட்சிக்காரங்க நாற்காலியில உட்கார்ந்து பாரத்தை நிரப்பினேன். எழுந்தேன். சுத்தி வந்து ஆபீசர் நாற்காலியில உட்கார்ந்தேன். "அஞ்சலை, இந்த நாப்பத்திரண்டாயிரம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னேன். எழுந்து இந்தப் பக்கம் வந்தேன். "கறிபாப் வித்தது." அந்தப் பக்கம் போனேன். "எத்தனை வருசமா?" "இருபத்தாறு." "நடுவுல ரெண்டு வருசம் கால் உடைஞ்சு கிடந்தீங்களே?" "சரி, இருபத்துநாலு." பதிலை மாத்திட்டா பாருங்க! "ரசீது எங்க?" "கறிபாப்புக்கு எவன்டி ரசீது கொடுப்பான்?" "கோபப்படாதீங்க." "யாருடி கோபப்படுறது? முப்பதாந்தேதிக்குள்ள முடிச்சுக் கொடு, எனக்கு நேரமில்ல!"

அவசரம். ரொக்கம். தாளு இல்ல. கோபம். பதில் மாத்தல். தம்பி, கை ஒண்ணு முழுசா மடங்கிப்போச்சு. நான் விசாரிச்சதுலயே அஞ்சு அறிகுறியும் மொத்தமா இருந்த ஒரே ஆளு நான்தான். எழுதினேன் ரிப்போர்ட்டு. எப்பவும் நான் தமிழ்ல எழுதிக் கொடுத்தா நோரா மலாய்ல தட்டுவா. இது ரகசியமாச்சே, அவகிட்டக் கொடுக்க முடியுமா? தமிழ்லயே எழுதி கோலாலம்பூருக்கு ரிஜிஸ்டர் தபால்ல போட்டேன். அதனாலதான் உங்களை அனுப்பினாங்களா? நினைச்சேன்.

அன்னிலருந்து என் பாடு சொல்லி மாளாது. சந்தேகப்பட்ட ஆளுக்குத் தெரியக்கூடாதே! எனக்குத் தெரியாம நான் எப்படி நடந்துக்கிறது? காலையில முகம் கழுவினாக் கண்ணாடியைப் பார்க்கிறதில்ல, ஜாடை தெரிஞ்சுருமோன்னு. ராஜாமணி வேற, "ஏங்க்கா, காசு இருக்கு, வக்கீல் இருக்கு, வீட்டுக்காரன் நிக்கிறான், ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிற? எவன்கிட்டயாவது காசைத் தூக்கிக் கொடுத்திட்டியா?"ங்கறா. அறுபத்தேழு வயசுல எவன்கிட்டடி கொடுப்பேன்னு கேட்கக்கூட முடியலை. பேசினா வாய் தவறி வந்துருமே. ஒம்பது நாளா அவகூடப் பேச்சுவார்த்தை இல்ல. சோத்தைத் தட்டுல போட்டு என் பக்கம் தள்ளி விடுறா.

டீ குடிங்க, ஆறுது.

எல்லாருமே என்னை மாதிரி, கோவிந்தசாமி அண்ணன் மாதிரின்னு நினைச்சிராதீங்க. ஒழுங்கானவங்களும் வர்றாங்க. அதுவும் சொல்லணும்ல? ரத்னவேலன்னு ஒருத்தரு. தம்பி, அப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்ல. அஞ்சுல ஒண்ணு இருக்கணுமே? ஒண்ணுகூட இல்ல! அவசரமே படமாட்டாரு. ரொக்கம் தொடவே மாட்டாரு, எல்லாம் பேங்க் வழியா. நான் கேட்கிறதுக்கு முன்னாலயே தாளை நீட்டுவாரு. சிரிச்ச முகம். "கேளுங்கம்மா, உங்க கடமை அது"ம்பாரு. இந்த ஊருல அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆளு அவருதான். இருங்க, அவர் ஃபைலை எடுத்துட்டு வர்றேன். புதுசா யாராவது வந்தா நான் இதைத்தான் காட்டுவேன், ஃபைலுன்னா இப்படி இருக்கணும்னு. நீல அட்டை, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை, ஓரத்துல கலர் கலரா சீட்டு. பாருங்க.

ஒரு குறைதான் அவருக்கு. கடைவீடு அமைய மாட்டேங்குது. முழுக் காசையும் லாயரம்மாவோட கட்சிக்காரங்க கணக்குல போட்டுருவாரு. ரெண்டு வாரம் கழிச்சு, "மனசு மாறிருச்சும்மா, காசை இந்தக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிருங்க"ம்பாரு. மூணு தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் வேற வேற கம்பெனி. வேலை நடக்காட்டியும் ஃபீசை முழுசாக் கொடுத்துருவாரு. நான்கூட மனசு கேட்காம முனீஸ்வரனுக்கு ஒரு தேங்காய் உடைச்சேன், இந்த மனுஷனுக்கு ஒரு கடையை அமைச்சுக் கொடுப்பான்னு. ஒரு கம்பெனிக்கு அவரோட டிரைவரோட அம்மாதான் முதலாளி. எண்பத்தோரு வயசு, கைநாட்டு. வேலைக்காரனோட தாயாருக்கு அந்த மரியாதை! இன்னொரு கம்பெனி ஏதோ தீவுல இருக்காம், என் வாயில நுழையலை, அந்தப் பக்கத்துல இருக்கு பாருங்க. அந்தக் கம்பெனிக்கு இவரு கடன் கொடுத்து, அந்தக் கம்பெனி இவருக்கே திருப்பிக் கடன் கொடுத்து... தனக்குத் தானே உதவி பண்ணிக்கிற மனுஷன்.

லாயரம்மா ஒருநாள் கோர்ட்டுக்கு ஓடுற அவசரத்துல கேட்டாங்க, "அக்கா, இவரை எல்லாம் பார்த்துட்டீங்களா?" "பார்த்துட்டேன்மா, இவரை மாதிரி நாலு பேரு வந்தா நாடு உருப்படும்"னேன். அவங்களும் காசை அனுப்பக் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

டீயில ஏடு படிஞ்சிருச்சு தம்பி. வேற போடட்டுமா? என்ன அப்படிப் பார்க்கிறீங்க பக்கத்தை? நல்லா இருக்குல்ல? எடுத்துட்டுப் போகணுமா? கோலாலம்பூர்ல காட்டவா? தாராளமா! மேலதிகாரிங்க பார்க்கட்டும், சின்ன ஊரு சுங்கை சிப்புட்டுலயும் ஒழுங்கா ஃபைல் வைக்கிறாங்கன்னு. இந்த நோட்டுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க.

என்ன? என் காசா? என்... வேணாம், வேணாம், சொல்லாதீங்க! தம்பி, சொல்லாதீங்கன்னா! நான் காதைப் பொத்திக்கிறேன்.

...சொல்லிட்டீங்களே. சுத்தமான காசுன்னு சொல்லிட்டீங்களே. இன்னிக்கே கையெழுத்துப் போடலாமா? கூட்டுல இருந்த பத்துப் பொம்பளைங்களையும் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றீங்களா? அம்மாடி. கண்ணுல தண்ணி வருது, ஒண்ணுமில்ல, இது வெங்காயம் உரிச்ச கை. ஆனா தம்பி, சந்தேகப்பட்ட ஆளுகிட்ட விஷயத்தைச் சொல்லக்கூடாதுல்ல? நீங்க சொல்லிட்டீங்க. இப்ப நான் உங்க மேல ஒண்ணு எழுதணும். எழுதப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. அதையும் சொல்லிட்டேன். அதுக்கு என் மேல இன்னொண்ணு. இதுக்கு முடிவு எங்க தம்பி? என்கிட்ட ரெண்டு பாரம்தான் இருக்கு.

போன் அடிக்குது. இருங்க. அட, ரத்னவேலன் சாரு! நூறாயுசு மனுஷனுக்கு. எடுத்துச் சொல்றேன், உங்க ஃபைலு கோலாலம்பூருக்குப் போகுது சார்னு. சந்தோஷப்படுவாரு.

என்ன தம்பி? ஏன் தலையை ஆட்டுறீங்க? சொல்லக்கூடாதா?

ஏன் சொல்லக்கூடாது? நல்ல விஷயம்தானே? சொல்லக்கூடாதுன்னா அது சந்தேகப்பட்ட ஆளுகிட்ட...

...

ஹலோ. வணக்கம் சார். ஆமா, அஞ்சலைதான். நல்லாயிருக்கேன் சார். ஆபீசுலயா? யாரும் வரலை சார். சும்மாதான், டீ ஆத்திக்கிட்டு இருக்கேன். உங்க ஃபைலா? இருக்கு சார், இருந்த இடத்துல இருக்கு. வாங்க சார், திங்கக்கிழமை வாங்க. கறிபாப் சுட்டு வைக்கிறேன்.

வச்சிட்டாரு.

அஞ்சுல ஒண்ணுகூட இல்லையே தம்பி. மத்தியானம் அந்தப் படத்தைப் போட்டாரே, கம்பெனிக்குள்ள கம்பெனின்னு... இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம். அடுத்த பஸ்சு மூணேகாலுக்கு இருந்துச்சு.

அந்த நீல ஃபைல்ல கடைசியில விசாரிச்சாச்சுன்னு எழுதின முப்பத்திரண்டு பக்கம் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கீழ ஒரு கையெழுத்து. லாயரம்மாது இல்ல, அவங்களைத் திட்டாதீங்க. எங்கப்பா வச்ச பேரு.

எழுந்திரிங்க தம்பி. இல்ல, போகச் சொல்லலை. நீங்க சுத்தி இந்தப் பக்கம் வாங்க, இந்த நாற்காலியில உட்காருங்க. நான் அதுல உட்கார்றேன். அந்தப் பாரத்தை இப்படி நகர்த்துங்க. வீடு எங்க போகப் போகுது, முப்பதாந்தேதிக்கு இன்னும் மூணு நாள் இருக்கே.

கேளுங்க. எனக்குக் கோபம் வராது. அவசரமும் இல்ல.